வேலையில் சேர்ந்த பிறகுதான் என் தம்பி வேலை கற்றுக்கொண்டான்

பெங்களூரு அல்சூரில் எங்களைத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் சிறப்புப் பள்ளியில் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நெருங்கும்போது அம்மாவோ அப்பாவோ என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். “உங்க தம்பி வேலைக்குப் போறானாமே, எப்படிம்மா சேர்த்தீங்க?” என்று கேட்கிறார்கள். தெருவில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் எழுதி வைக்கிறேன்.

தம்பிக்கு ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடும் உண்டு. முப்பதை நெருங்குகிறான். இந்திராநகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காலை நேர வேலை. ரேக்குகளில் சரக்கு அடுக்குவது, பால், தயிர், பிரெட், இட்லி மாவுப் பாக்கெட்டுகளில் தேதி பார்ப்பது, முதலில் கெடுவதை முன்னால் இழுத்து வைப்பது, தேதி தாண்டியதை எடுத்துத் தனிக் கிரேட்டில் போடுவது. மாதாமாதம் சம்பளம் அவனுடைய வங்கிக் கணக்கில் ஏறுகிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டான். படிப்பான், ஆனால் படித்ததெல்லாம் புரியும் என்று சொல்ல முடியாது. எண்ணும் தேதியும் நன்றாகத் தெரியும். கூட்டல் கழித்தல் வராது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ‘முதலில் பிள்ளை தயாராகட்டும், அப்புறம் வேலை தேடலாம்’ என்ற வரிசையை மாற்றுங்கள். பொருத்தமான வேலையை முதலில் பிடியுங்கள். அந்த இடத்திலேயே நின்று அந்த வேலையையே கற்றுக்கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

பள்ளி முடிந்ததும் தம்பி ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் பல வருடம் இருந்தான். காகிதக் கவர் ஒட்டினான், மெழுகுவர்த்தி செய்தான், தீபாவளிக்கு அகல் விளக்குகளுக்கு வண்ணம் பூசினான். ஆசிரியைகள் அன்பானவர்கள், அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வருடா வருடம் வருகிற மதிப்பீட்டில் ‘வேலைக்கு இன்னும் தயாரில்லை’ என்றே இருக்கும். முகம் பார்த்துப் பேசுவதில்லை, அரை மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்காருவதில்லை, அடிக்கடி எழுந்து நடக்கிறான் என்று காரணங்கள் எழுதியிருப்பார்கள். இப்போது பார்க்கிற வேலையில் உட்காரவே இடமில்லை. வேலை முழுக்க நடப்பதுதான். அந்த மதிப்பீட்டுத் தாள்களை நம்பி இருந்திருந்தால் இன்னும் மையத்திலேயே இருந்திருப்பான்.

மையத்தில் கவர்களைப் பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுகிறவன், வீட்டு மேசையில் அதே கவர்களை வைத்தால் முதலிலிருந்து தொடங்குவான். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள பலருக்குக் கஷ்டம். சிறப்புக் கல்வி படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது உண்மை என்றால், எந்த வேலை என்றே தெரியாமல் பொதுவாகத் தயார்படுத்திக்கொண்டே இருப்பதில் அர்த்தம் குறைவு. அமெரிக்காவில் எழுபது, எண்பதுகளில் சிறப்புக் கல்வியாளர்கள் இதை யோசித்துத்தான் முதலில் வேலையில் அமர்த்திவிட்டுப் பிறகு பயிற்சி கொடுக்கிற முறையை வளர்த்தார்கள். ஜாப் கோச் எனப்படும் பயிற்சியாளர் வேலை இடத்துக்கே கூட வருவார், கற்றுக்கொடுப்பார், கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்வார். பெங்களூரில் இந்த வழியில் வேலை செய்கிற அமைப்புகள் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

அரசு வேலை பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். 1995ஆம் வருடச் சட்டத்தில் 3 சதவீத ஒதுக்கீடு இருந்தது. அது பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு. அறிவுசார் குறைபாட்டுக்கு அதில் பங்கே இல்லை. 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பலவகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பணியிடங்களுக்கும் படிப்புத் தகுதி வேண்டும், தேர்வு எழுத வேண்டும். என் தம்பி போன்றவர்களுக்கு இன்றைய நிலையில் அது எட்டாது. தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாய ஒதுக்கீடு கிடையாது. ஆட்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் அரசுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

செய்தித்தாளில் நாம் படிப்பது வேறு மாதிரி இருக்கிறது. வைட்ஃபீல்டில் எஸ்ஏபி லேப்ஸ் ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதிக்க எடுத்தது, லெமன் ட்ரீ ஹோட்டல்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பரிமாறுகிறார்கள், மாற்றுத்திறனாளிகள் வேலை செய்கிற, 2017இல் தொடங்கிய மிட்டி கஃபே கிளை மேல் கிளையாக வளர்ந்திருக்கிறது. மூன்றும் உண்மை, மூன்றும் பெரிய விஷயம். ஆனால் இதைப் படிக்கிற அப்பா அம்மா, ‘நம்ம பிள்ளைக்குக் கம்ப்யூட்டரும் வராது, நாலு பேர் முன்னாடி சிரிச்சுப் பேசவும் வராது’ என்று சோர்ந்துபோகிறார்கள். தெருவுக்குத் தெரு இருக்கிற கடைகளின் பின்கட்டில், ஆஸ்பத்திரித் துணி மடிக்கிற அறையில், அலுவலகங்களில் தாள் ஸ்கேன் செய்கிற மூலையில் எவ்வளவோ வேலை இருக்கிறது. அது செய்தியாவதில்லை, அவ்வளவே.

வேலை தேடப் புறப்படும் முன் பயிற்சியாளர் எங்களிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். யாரும் சொல்லாமல் அவனாகச் செய்வது என்ன, எதை எத்தனை முறை செய்தாலும் அலுக்கவில்லை, எந்தச் சத்தத்தில் காதைப் பொத்துகிறான், எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறான். அம்மா எழுதியதில் ஒரு வரி: ‘மருந்து அட்டைகளை எடுத்துத் தேதி படித்து வரிசையாக அடுக்குவான்.’ வீட்டில் அதை ஒரு பழக்கமாகத்தான் பார்த்திருந்தோம். பயிற்சியாளர் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டார். காலையில் தெளிவு, கூட்டத்தில் பதற்றம், மிக்ஸிச் சத்தம் ஆகாது என்பதும் அந்த நோட்டில்தான் தெரிந்தது.

அடுத்து, காலியிடம் தேடிப் போகாதீர்கள். ஒரு காலியிடத்தில் பத்து வேலை கலந்திருக்கும். கடைப் பையன் என்றால் சரக்கு இறக்கணும், அடுக்கணும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்லணும், பில் கவுண்டரில் ஆளில்லாவிட்டால் அங்கே நிற்கணும். பத்தில் ஏழு என் தம்பிக்கு வராது. மூன்று வரும், அதுவும் மற்றவர்களைவிடக் கவனமாக. அந்த மூன்றை மட்டும் பிரித்து ஒரு வேலையாக்கித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் பயிற்சியாளர் கடை மேலாளரிடம், ‘இந்தப் பையனுக்கு ஏதாவது வேலை கொடுங்கள்’ என்று கேட்கவில்லை. தினமும் நடக்க வேண்டியிருந்தும் நேரமில்லாமல் தள்ளிப்போகிற வேலை எது என்று கேட்டார். மேலாளர் உடனே சொன்னார்: தேதி பார்ப்பது. தேதி முடிந்த தயிரோடு யாராவது வந்து சத்தம் போட்டால் அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் மனசு கெடும். பழையது பின்னாலேயே தங்கிக் கெட்டுப்போனால் நஷ்டம் வேறு. இரக்கத்தில் கிடைக்கிற வேலை, இரக்கப்பட்டவர் மாறிப்போனால் போய்விடும். கடைக்குத் தேவை இருந்து கிடைத்த வேலைதான் நிற்கும்.

நேர்முகத் தேர்வு வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தால் தம்பி எழுந்து போய்விடுவான். அதற்குப் பதில் சில காலைப் பொழுதுகள் கடையில் வேலை செய்து காட்ட அனுமதி வாங்கினோம். இதை எந்த முதலாளியிடமும் தைரியமாகக் கேளுங்கள்.

தேதி பார்ப்பது சுலபம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. சிலவற்றில் பேக் செய்த தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்கும். சிலவற்றில் மாதம் எழுத்தில், சிலவற்றில் எண்ணில். சிலவற்றில் முடியும் தேதியே இருக்காது. பேக் செய்த நாளிலிருந்து இத்தனை நாள் என்று மட்டும் போட்டிருக்கும். கூட்டத் தெரியாத பையன் என்ன செய்வான்? பயிற்சியாளர் அதற்காக அவனுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்க உட்காரவில்லை. ஸ்டாக் அறையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டச் சொன்னார். தினமும் கடை திறக்கும்போது மேலாளர் அதில் எழுதுவார்: பிரெட், இந்தத் தேதி, மாவு, இந்தத் தேதி. பலகையில் இருப்பதும் பாக்கெட்டில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்தால் போதும். மேலாளருக்கு இரண்டு நிமிட வேலை. மாத எழுத்துகளுக்கு ஒரு சின்ன அட்டை செய்து ஏப்ரன் பையில் வைத்தோம். வேலையை அவனுக்கு ஏற்ப மாற்றுவது என்றால் இவ்வளவுதான். பெரிய செலவு என்று நினைத்துத்தான் முதலாளிகள் பயப்படுகிறார்கள்.

வேலையைச் சிறு சிறு படிகளாக உடைத்துப் படம் எடுத்து வைத்தார்கள். டிராலி எடு, பால் ரேக்குக்குப் போ, மேல் தட்டில் இடது ஓரம் தொடங்கு, பாக்கெட்டைத் திருப்பு. ஆரம்பத்தில் பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார், ஆனால் வாயே திறக்கவில்லை. வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கினால் அந்தக் குரல் வராமல் அடுத்த படிக்குப் போக மாட்டான் என்றார். விரலால் காட்டினார், பிறகு பார்வையால், பிறகு ரேக்கின் மறுமுனையில் போய் நின்றார், பிறகு கடைக்கு வெளியே. இதற்கு வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள். வீட்டார் யாரும் கடைக்குள் வரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மாவைப் பார்த்தால் அவன் பிள்ளையாகிவிடுவான், அம்மாவும் அவனுக்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பிவிடுவார்.

மொழி பற்றி இங்குள்ள தமிழர்களுக்குப் பயம் அதிகம். வீட்டில் தமிழ், சிறப்புப் பள்ளியில் ஆங்கிலம், கடையில் கன்னடமும் இந்தியும். சின்ன வயதில் ஒரே மொழியில்தான் பேச வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தம்பி கடைக் கன்னடத்தைக் கடையிலேயே பிடித்துக்கொண்டான். யாராவது நிறுத்தித் துவரம்பருப்பு எங்கே என்று கேட்டால் முதலில் உறைந்து நின்றுவிடுவான். அதற்கென்று ஒரே ஒரு வாக்கியம் பழக்கினோம். “கவுண்டரல்லி கேளி” என்று கன்னடத்தில் சொல்லிக் கையைக் காட்டுவான். வருகிறவர்களுக்கு அது போதும். கழுத்தில் குறைபாட்டைச் சொல்லும் அட்டை மாட்டலாமா என்று கடையில் கேட்டார்கள். நானும் அம்மாவும் வேண்டாம் என்றோம். மற்ற குடும்பங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். தம்பிக்கு அது தேவைப்படவில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற ஒரு அக்கா இருக்கிறார். பயிற்சியாளர் விலகும் முன், கடைக்குள்ளேயே தம்பியைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார். தமிழ் தெரியும் என்பதற்காக அல்ல. அவர் நிதானமானவர், தம்பியை ‘பாப்பா’ என்று கொஞ்சாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் எப்போதும் இருக்க மாட்டார். கூட வேலை செய்கிறவர்களில் ஒருவர் அமையாவிட்டால் வேலை நீடிக்காது.

வேலையைவிட அதிகம் கஷ்டப்படுத்தியது இடைவேளைதான். வேலைக்குப் படி இருக்கிறது, படம் இருக்கிறது. டீ குடிக்கிற நேரத்துக்கு ஒன்றும் இல்லை. எங்கே நிற்பது, என்ன பேசுவது, அடுத்தவர் தட்டிலிருந்து எடுக்கலாமா? ரேக்கில் இருக்கும் பிஸ்கட்டை எடுத்துத் தின்றால் அது திருட்டு என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அம்மாவோடு வாங்கப் போனால் எடுத்துக் கூடையில் போடுகிற அதே பிஸ்கட்தானே? இதை வேலையில் சேரும் முன்பே பழக்குங்கள். டிபன் டப்பா, ஒரு குறிப்பிட்ட ஸ்டூல், டீ, பிறகு கைக்கடிகாரத்தில் அலாரம் அடித்ததும் எழுந்திருப்பது என்று அவனுக்கு ஒரு வரிசை அமைத்துக் கொடுத்தோம். பேச்சில் கலந்துகொள்ளவில்லை. கலந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் கட்டாயப்படுத்தவும் இல்லை.

இன்னொரு விஷயம், சொல்லவே பலர் தயங்குவது. மறுக்கத் தெரியாதவனைச் சிலர் பயன்படுத்திக்கொள்வார்கள். தினமும் அவன் காசில் டீ குடித்தார்கள். கனமான சரக்குகளை அவன் பக்கம் தள்ளினார்கள். பையில் வைத்த பணம் சீக்கிரம் தீர்வதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பையில் ஒரு டீக்கான சில்லறை மட்டும் வைத்தோம், “என்கிட்ட இல்ல” என்று சொல்லப் பழக்கினோம், மேலாளரிடம் யார் பெயரும் சொல்லாமல் பேசினோம். நின்றுபோனது. உடம்பைத் தொடுவது பற்றியும், கழிப்பறைக்குத் தனியாகப் போவது பற்றியும், தப்பாக எதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்பது பற்றியும் வளர்ந்த ஆளுக்குச் சொல்கிற மாதிரி நேராகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆண் பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். ‘கடைல எல்லாம் நல்லா இருந்துச்சா?’ என்று கேட்டால் தம்பி ‘நல்லா’ என்பான், எப்போதும். அதனால் நான் கடை ஆட்களின் புகைப்படங்களை வைத்து ஒவ்வொருவராகக் கேட்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிற படத்தைப் பற்றி மறுநாள் விசாரிக்கிறேன்.

போக வர மெட்ரோ. அல்சூர் ஸ்டேஷனில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் இந்திராநகர். பஸ் மலிவாக இருக்கலாம், ஆனால் நிற்கிற இடம் மாறும், கூட்டத்தில் இடிபட வேண்டும், கண்டக்டர் கேள்வி கேட்பார். மெட்ரோவில் எல்லா நாளும் ஒரே மாதிரி. ஸ்மார்ட் கார்டு கழுத்துக் கயிற்றில் இருக்கிறது. பயணத்தில் பழக்க நீண்ட நாள் எடுத்தது சிஎம்எச் ரோட்டைக் கடப்பதுதான், ரயில் இல்லை. இன்றும் அவனுக்குக் கடக்கும் இடம் ஒன்றே ஒன்று. வேறு இடத்தில் கடக்கச் சொல்வதில்லை. வேலை நல்லதாக இருந்தாலும் இரண்டு வண்டி மாறிப் போக வேண்டும் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

மாறாத நாள்களுக்கு அவன் பழகிவிட்டான், மாறுகிற நாள்களுக்குத்தான் நாங்கள் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. வரமகாலட்சுமி பண்டிகை, ஆயுத பூஜை, தீபாவளி வந்தால் கடையின் அமைப்பே மாறிவிடும். நேற்று மாவு இருந்த ரேக்கில் இன்று பூஜைச் சாமான். முந்தின நாள் இரவே புதிய அடுக்கைப் படம் எடுத்து மேலாளர் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார், தூங்கும் முன் அவனோடு உட்கார்ந்து பார்ப்பேன். பந்த் வேறு. 2023 செப்டம்பர் 26 அன்று காவிரிக்காகப் பெங்களூரு பந்த் நடந்தது. இந்த ஊர்த் தமிழர்களுக்கு அந்த மாதிரி நாள்கள் ஏற்கெனவே நெஞ்சில் கல் வைத்தது போலத்தான் இருக்கும். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கதவருகே நிற்கிற தம்பிக்கு அதை எப்படி விளக்குவது? ‘கடை இல்லை’ என்று எழுதிய சிவப்பு அட்டை ஒன்று வைத்திருக்கிறோம். காலண்டரில் அந்தத் தேதி மேல் அதை ஒட்டினால் ஏற்றுக்கொள்கிறான். வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்வதில்லை.

இனி காகித வேலை. அரசு தருகிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி அட்டை முதலில் வேண்டும், குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். வேலையில் சேரும்போது, கொடுப்பது சம்பளமா ஊக்கத்தொகையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ‘பயிற்சியில் இருக்கிறார்’ என்று சொல்லி வருடக்கணக்கில் ஊக்கத்தொகையே கொடுத்துக்கொண்டிருக்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பயிற்சியாளர், பகுதி நேரம் என்றாலும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கணக்கில் மணிக்கு இவ்வளவு என்று பேசினார். தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டில் சாதாரணமாக மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைதான் சேர்ப்பார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் என்றால், சம வாய்ப்புக் கொள்கை வெளியிட்டு அதற்கென ஒரு தொடர்பு அலுவலரும் வைத்திருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. பெரிய நிறுவனத்துக்குப் போகிறவர்கள் அந்த அலுவலரைக் கேட்டுப் பார்க்கலாம்.

சம்பளக் கணக்கு தொடங்கப் போன வங்கிக் கிளையில் பாதுகாவலர் சான்றிதழ் கேட்டார்கள். 1999ஆம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழு அந்தச் சான்றிதழைக் கொடுக்கும். கையெழுத்துப் போட்டுத் தன் சம்பளம் என்று தெரிந்துகொள்கிற ஆளுக்கு அது தேவையா என்று நாங்கள் கேட்டோம். 2016 சட்டத்தின் 13ஆவது பிரிவு, தன் பணத்தைத் தானே நிர்வகிக்கிற உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டி, பொறுமையாகப் பேசித்தான் கணக்கு திறந்தோம். எல்லோருக்கும் இது சரிவராது. பணம் என்றாலே புரியாத பிள்ளைக்குப் பாதுகாவலர் தேவைதான்.

அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தவர். அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வருகிறது, அம்மாவுக்குப் பிறகு தம்பிக்கு வர வேண்டும். “வேலைக்கு அனுப்பினா பென்ஷன் போயிடும்” என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். இந்தப் பயத்தினாலேயே பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. ஊழியர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைவிட மகனுடைய மற்ற வருமானம் குறைவாக இருந்தால் ஓய்வூதியம் நிற்காது. கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 12,000மும் அகவிலைப்படியும் அளவுகோல். மாநில அரசு, பொதுத்துறை நிறுவன விதிகள் வேறு. உங்கள் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஒரு கட்டத்தில் வேலை போகிற நிலை வந்தது. மேலாளர் மாறினார். புதியவருக்குத் தம்பியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சும்மா நடக்கிறான் என்று நினைத்து, கூட்டமாக இருந்த ஒரு நாள் பில் கவுண்டரில் பை போட நிறுத்திவிட்டார். ஸ்பீக்கரில் ஆஃபர் அறிவிப்பு, பீப் சத்தம், பின்னால் வரிசை. தம்பி தன் கையைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் அவனை அனுப்பவா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பேச்சு. பயிற்சியாளர் மறுபடி வந்தார், புதிய மேலாளரை ஒரு காலையில் தம்பி வேலை செய்வதை முழுக்கப் பார்க்க வைத்தார். அவர் நல்ல மனிதர், சட்டென்று புரிந்துகொண்டார். அதன் பிறகு ஒரு பக்கத்தில் எழுதி ஸ்டாக் அறையில் ஒட்டியிருக்கிறோம்: இவர் செய்யும் வேலை, செய்யாத வேலை, பதற்றம் வரும்போது தெரியும் அடையாளம், அப்போது என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். குறைபாட்டின் பெயர் அதில் இல்லை. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. பயிற்சியாளர் விலகிய பிறகும் தேவைப்படும்போது திரும்பி வருவாரா என்பதை எந்த அமைப்பிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சேர்த்துவிட்டதோடு கணக்கை முடிக்கிற அமைப்பு உங்களுக்கு உதவாது.

எல்லாப் பிள்ளைகளும் கடைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தம்பியோடு படித்த டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு, சொந்தக் குடும்பத்தின் பூக்கடையில் மாமாவோடு உட்கார்கிறான். பேசுவது அவனுக்குப் பிடிக்கும், பூ வாங்க வருகிறவர்களிடம் நாளெல்லாம் பேசுகிறான். இன்னொரு பெண்ணுக்கு எப்போதும் பக்கத்தில் ஆள் வேண்டும். அவளுக்கு வாரத்தில் சில மணி நேர வேலையே சரி. வேலை பிடிக்கவில்லை என்று நம்மைப் போலவே இவர்களும் விடலாம்.

பெங்களூரில் தொடங்குகிறவர்கள் 1999 முதல் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்காகவே இயங்குகிற எனேபிள் இந்தியாவை கோரமங்கலாவில் அணுகலாம். வளர்ந்த பிள்ளைகளின் தொழிற்பயிற்சிக்கு தியா ஃபவுண்டேஷன் இருக்கிறது. 1959இல் தொடங்கிய அசோசியேஷன் ஆஃப் பீப்புள் வித் டிஸெபிலிட்டி லிங்கராஜபுரத்தில், ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் கர்நாடகா இந்திராநகரில். போகும்போது யூடிஐடி அட்டை, மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் எடுத்துப் போவீர்கள்தான். கூடவே நான் மேலே சொன்ன நோட்டையும் எழுதி எடுத்துப் போங்கள். பிள்ளை வேலை செய்வதைச் சின்ன வீடியோவாக ஃபோனில் எடுத்து வையுங்கள்: வீட்டில் துணி மடிப்பது, சாமான் அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவானாலும். எங்கள் மேலாளர் முதலில் பார்த்தது, தம்பி சாப்பாட்டு மேசையில் மருந்து அட்டைகளை அடுக்குகிற வீடியோவைத்தான். அறிக்கையை அவர் திறக்கவே இல்லை.